பைப்புக்குள் போன வேர்

— உங்கண்ணனச் சித்தெ அக்கட்டால தள்ளி நிக்கச் சொல்லு அம்மணி. கடப்பாரை தெறிச்சு கால்ல பட்டா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவாரு.

— அண்ணே, இவுக கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றாக. உங்களுக்கு அடிபட்டுருமேன்னு பயப்படுறாக.

— பயப்படுறாராக்கும்! எனக்கு நல்லாவே காது கேக்குது மேகலை. உம் வீட்டுக்காரரு என்ன சொன்னாருன்னு கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். நான் நிக்கிறது எங்க நெலத்துல. எங்க நெலத்துல எங்கிட்டு வேணாலும் நிப்பேன், படுத்துக்கூடக் கெடப்பேன்னு சொல்லு.

— ஏங்க, அண்ணன் அங்கனயே நிக்கிறாகளாம். ஒத்தாசைக்கு.

— ஒத்தாசைக்கா? படுத்துக்கெடக்கறதுதான் ஒத்தாசையா? கைக்கெட்டுற தூரத்துல நின்னுட்டுச் சொல்றது எனக்கு மட்டும் கேக்காதாக்கும்!

— கேக்குதுல்ல? அவுகளுக்கும் கேக்குது, உங்களுக்கும் கேக்குது. அப்புறம் நான் எதுக்கு நடுவுல நின்னு தொண்டை வத்தக் கத்துறேன்? நீங்களே பேசிக்கிட வேண்டியதுதான?

— அது மட்டும் ஆகாது.

— அத மட்டும் கேக்காத தாயி.

— இந்த ஒரு விசயத்துல மட்டும் கூடப்பிறந்த பிறப்பு மாதிரி ஒத்துமை. நல்லாருங்க. என் வெங்காயம் தண்ணிக்குள்ள கெடந்து அழுகுது. அந்த நாத்தம் அடுப்படி வரைக்கும் வருது. குளம் ரொம்புன நாள்ல இருந்து கசியிற தண்ணி அம்புட்டும் எங்க தோட்டத்துலதான் ஊறுது. அத உறிஞ்சிக் கொண்டுபோயி அண்ணன் தோட்டத்துக்கு அடியில ஓடி ஓடையில விடத்தான பூமிக்குள்ள பைப்பு பதிச்சு வச்சிருக்கோம்? அது எங்கேயோ அடைச்சுக்கிருச்சு. அதத் தோண்டி எடுக்குற வரைக்கும் ரெண்டு பேரும் பேசுங்க, பேசாம இருங்க, மூஞ்சியத் திருப்பிக்கங்க. தோண்டுறத மட்டும் நிப்பாட்டாதீக.

— எங்கேயோ இல்லீங் அம்மணி, இங்கதான். மேல இருந்து கம்பி உட்டுப் பாத்துட்டேன். இந்த அத்திமரத்துக்கு நேரா வந்ததும் கம்பி போவ மாட்டேங்குது. கல்லா இருந்தா டக்குன்னு சத்தம் வரோணும். இது மெத்து மெத்துன்னு முட்டுது. வேருதான். தண்ணி உள்ள போறதுக்குன்னு பைப்பு பூரா ஓட்டை போட்டோமில்ல, அந்த ஓட்டையிலயே வேரும் பூந்து உள்ளார குடும்பம் நடத்துது. மரத்துக்காரங்க இதுக்கு ஒரு பதில் சொல்லோணும்னு உங்கண்ணங்கிட்டச் சொல்லு.

— மரத்துக்காரரா? யாரு மரத்துக்காரரு? ஏத்தா, நீயே சொல்லு. இந்த மரம் எங்கன நிக்குது?

— வரப்புல நிக்குதுண்ணே.

— வரப்புல நிக்குது, சரி. எங்கிட்டு சாஞ்சு நிக்குது? உங்க பக்கம். நெழலு எங்கிட்டு விழுகுது? உங்க பக்கம். பழம் உதுந்தா யாரு ஆடு திங்குது? உங்க ஆடு. நான் என்ன சொல்லவாரேன்னா, இம்புட்டுக்கும் அப்புறம் அது எப்படித்தா என் மரமாகும்?

— அட சாமி! அம்மணி, இதே வாய்தான அன்னிக்குச் சர்வேயர் முன்னால, இது எங்க அய்யன் வச்ச மரம், ஒரு எலையத் தொட்டாலும் உடமாட்டேன்னு குதிச்சுது? கேளு.

— அன்னைக்கு உம் வீட்டுக்காரரு மட்டும் என்ன, கையக் கட்டிக்கிட்டா நின்னாரு? இந்த மரத்துல ஒரு கொப்பு முறிஞ்சாலும் என் எலும்பு முறிஞ்ச மாதிரின்னு நெஞ்சுல குத்திக்கிட்டாரே. அந்த எலும்புல இருந்துதான் இப்ப வேரு வந்திருக்குன்னு சொல்லு.

— ஏங்க, அண்ணன் பழசெல்லாம் மறந்துருவோம்னு சொல்றாக.

— எங்க சொன்னேன்?

— சொல்லுவீகன்னு நெனச்சேன்.

— அம்மணி, மரத்துல சுண்ணாம்புல "க"ன்னு பெருசா எழுதியிருக்குது பாரு. கருப்புசாமிங்கற பேரு எனக்கா வச்சிருக்குது?

— அது என் பேரு இல்லத்தா. அது வந்து... கடைசி மரம்னு ஒரு அடையாளம். வரிசையில கடைசி.

— வரிசையே இல்லியேண்ணே. ஒத்த மரம்.

— ஒத்த மரம்னா அதுதான கடைசி? சரி, இந்தப் பக்கம் வந்து பாரு. அதே மரத்துல செவப்பு பெயிண்ட்டுல "நா"ன்னு இருக்கு. நாச்சிமுத்துங்கிற பேரு எனக்கா வச்சிருக்கு?

— அது நாலாவது மரம்னு.

— ஏங்க, ஒத்த மரம்னு இப்பத்தான சொன்னேன்!

— மத்த மூணும் எங்க ஊருல இருக்குதுங்.

— கடவுளே! ரெண்டு பேரும் வயசானவுகதான? சர்வேயரு வந்து சங்கிலி புடிச்சு அளந்தாரு. கோடு நேரா மரத்து நடுவுல போச்சு. ஆளுக்குப் பாதின்னு சொல்லிட்டு, நான் போட்டு வச்ச டீயக்கூடக் குடிக்காம மனுசன் வண்டிய எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு. அன்னைக்கு நிறுத்துன பேச்சு. பழம் வேணும்னப்ப முழு மரமும் எனக்குத்தான்னு ரெண்டு பேரும் நின்னீக. வேரு வந்ததும் அந்த மரம் அநாதையாப் போச்சு.

— நான் என்ன சொல்லவாரேன்னா...

— ஒண்ணும் சொல்லவராதீகண்ணே. மம்பட்டிய எடுத்து இவுககிட்டக் குடுங்க.

— நீ வாங்கிக் குடு. நான் நேரா நீட்டுனா, நான்தான் முதல்ல எறங்கி வந்தேன்னு நெனச்சுக்கிருவாரு.

— மம்பட்டியக் கீழ வைக்கச் சொல்லு அம்மணி. கீழ கெடந்தா நானே எடுத்துக்கறேன். கீழ கெடக்கற மம்பட்டிய எடுக்கறது பேச்சு ஆகாது.

— வச்சுட்டாக, எடுத்துக்கங்க. பாத்து வெட்டுங்க.

— பதமா வெட்டச் சொல்லு. பைப்ப ஒடச்சுப்புடாம.

— பைப்பப் பத்தி எனக்கா சொல்லித் தாராரு? இந்த பைப்பப் பதிச்சவனே நானு!

— பதிச்சவரு இவரா? குழி வெட்டுனது யாரு? ஜல்லிய கூடை கூடையாச் சொமந்து கொட்டுனது யாரு? மரத்துப் பக்கம் வாற எடத்துல மட்டும் ஓட்டையில்லாத பைப்பாப் போடுவோம், வேரு பூந்துரும்னு தலையால அடிச்சுக்கிட்டது யாரு?

— ஏம்புள்ள, அதச் சொன்னது நானாக்கும்! எடத்தக்கூடக் கைகாட்டுனேன். உங்கண்ணன் கேக்குல.

— சொன்னது நான்!

— நானு!

— ரெண்டு பேரும் இல்ல. சொன்னது நான். சோத்துச் சட்டியோட இதே எடத்துலதான் நின்னேன். மரத்துகிட்டயும் ஓட்டை பைப்பாவே போடுறீகளே, வேரு உள்ள வந்துறாதான்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துச் சிரிச்சீக. பொம்பளைக்கு பைப்பப் பத்தி என்ன தெரியும்னு ஒரு கொரலு வந்துச்சு. யாரு கொரலு அது?

— உங்கண்ணன்.

— உம் வீட்டுக்காரரு.

— சந்தோசம். தோண்டுங்க.

— தட்டுப்பட்டுருச்சு! இந்தா, ஜல்லி வருது. அதுக்குக் கீழ... அட சாமி. அம்மணி, இங்க வந்து பாரு. பைப்பே தெரியல. மேல பூரா வேரு சுத்திக்கிட்டுக் கெடக்குது.

— எங்கன, காட்டு... அடேங்கப்பா! மேகலை, இம்புட்டு வேரா?

— மழையில்லாத மாசத்துலயும் பைப்புக்குள்ள ஈரம் நிக்குதில்ல, அத மோப்பம் புடிச்சுட்டு வந்திருக்குது. மண்ணெல்லாம் காஞ்சு கெடக்கறப்ப இதுக்குள்ள மட்டும் எளநி மாதிரி தண்ணி. எந்த வேருதான் உடும்? நானும் சும்மா இருக்குல அம்மணி. மயில்துத்தத்தக் கரைச்சு மேல் வாயில ஊத்திக்கூடப் பாத்தேன். வேரு கருகிப் போவும்னாங்க. ஒண்ணும் ஆவுல.

— மயில்துத்தமா? அப்ப அந்த நீலத் தண்ணி இவரு வேலைதானா! எனக்கு அன்னைக்கு உசிரே இல்ல தாயி. காலையில போயிப் பாக்குறேன், பைப்பு வாயில இருந்து நீலமாச் சொட்டுது. யாரோ வெசத்தக் கலந்து விட்டுட்டாகன்னு நெனச்சு, அன்னைக்கு எலுமிச்சைக்குப் பாச்சாம அப்படியே...

— எதுக்குப் பாச்சாம?

— ஒண்ணுமில்லத்தா.

— அண்ணே. எதுக்குப் பாச்சாம?

— வெயிலு ரொம்ப அடிக்குது. ஒரு சொம்பு தண்ணி குடேன்.

— எலுமிச்சைக்குன்னாரு அம்மணி! எனக்கு நல்லாக் கேட்டுது. இந்தக் கழிவுத் தண்ணி என் தோட்டத்து வழியாப் போனா மண்ணு கெட்டுப்போவும்னு ஊரக் கூட்டுனவரு! பைப்பப் புடுங்கி எறிவேன்னவரு! அந்தத் தண்ணியில எலுமிச்சை வளக்கறாரா?

— வளக்குறேன்னு யாரு சொன்னா? சும்மா ஓடையில போயி விழுகுற தண்ணி. செத்த நேரம் எங்க வாய்க்கால் வழியாச் சுத்திப் போகட்டும்னு திருப்பி விட்டேன். போற வழியில எலுமிச்சை இருந்தா அது என் குத்தமா?

— எத்தனை மரம்ணே இருக்கு போற வழியில?

— தோட்டம் பூராத்தான்.

— அடப்பாவி அண்ணே!

— இப்ப தண்ணி வரல. எலையெல்லாம் சுருண்டுபோச்சு. பிஞ்சு கையில அள்ளுற மாதிரி உதுருது. யாருகிட்டச் சொல்லுவேன்? வெளிய சொன்னா வெக்கக்கேடு.

— அதான் நான் போன் போட்டதும், தங்கச்சி வெங்காயம் அழுகுதான்னு பதறி அடிச்சு ஓடி வந்தீகளாக்கும். எங்கண்ணன் பாசத்தப் பாருன்னு இவுககிட்டப் பெருமையா வேற சொல்லிட்டேன்.

— பாசமும்தான் தாயி. பாசத்தோட எலுமிச்சையும்.

— நல்லா வாழுதுய்யா இந்த மரம்! மேல தண்ணி நின்னு எங்க பயிரு அழுகுது. கீழ தண்ணி இல்லாம உங்க பயிரு காயுது. ரெண்டு பேரு தண்ணியையும் நடுவுல நின்னு குடிச்சுப்புட்டு இது மட்டும் தளதளன்னு நிக்குது. போதும். ரம்பத்த எடுங்க, பைப்ப அறுங்க.

— அறுத்தாச்சு. இங்க பாரு. உள்ளார ஒரு பொட்டு எடம் இல்ல. கல்யாணப் பொண்ணு சடையாட்டம் பின்னிக்கிட்டுக் கெடக்குது. கயித்தக் கட்டி இழுத்தாத்தான் வரும். ஒத்தை ஆளால ஆவாது. உங்கண்ணன் சும்மா நிக்கறாரா, இல்ல கயித்தத் தொடுவாரான்னு கேளு.

— எனக்கும் கை இருக்குன்னு சொல்லு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். மூணு எண்ணி ரெண்டு பேரும் சேந்து இழுக்கணும்ல. எண்ணுறது யாரு? அவரு எண்ணி நான் இழுக்கமாட்டேன்.

— அவரு எண்ணுனா நானும் இழுக்கமாட்டேன்.

— நான் எண்ணுறேன். மூணுன்னதும் இழுக்கணும். ஒண்ணு, ரெண்டு...

— செத்த இரு. மூணுங்கிறப்பயே இழுக்கணுமா, இல்ல மூணு சொல்லி முடிச்சுட்டு இழுக்கணுமான்னு அவரக் கேளு.

— மூணுங்கறப்பயேன்னு சொல்லு.

— சொல்லி முடிச்சுட்டு இழுத்தாத்தான் தெம்பா இழுக்கலாம்னு சொல்லு.

— நான் மூணே சொல்லப்போறதில்ல. "இழு"ன்னு சொல்லுவேன். அதுக்காவது ஒழுங்கா இழுங்க. ஒண்ணு, ரெண்டு, இழு! இவுக இழுக்குறாக, நீங்க ஏண்ணே சும்மா நிக்கிறீக?

— "இழு"ன்னு மரியாதை இல்லாமச் சொன்னியே, அது எனக்கா அவருக்கான்னு யோசிச்சேன்.

— இழுங்க! இழுங்க! ரெண்டு பேரும் இழுங்கய்யா!

— வருது... வருது... அசையுது...

— ஆ... கொஞ்சம் கொஞ்சமா...

— விடாதீங்க மாப்ள! விட்டா உள்ள ஓடிரும்!

— கால ஊணி நில்லுங்க மச்சான், உங்க பக்கம் சறுக்குது!

— நான் ஊணிட்டேன், நீங்க இடுப்புல சுத்திக்கங்க!

— சுத்திட்டேனுங், இழுங்க! இன்னொரு தம்!

— வருது மாப்ள, வந்துருச்சு, வந்துரு...

— ஐயோ! அண்ணே! ஏங்க! ரெண்டு பேரும் சேத்துக்குள்ளயே விழுந்துட்டீகளே! கண்ணத் தொடைங்க. யாரு யாருன்னே அடையாளம் தெரியல. அடி கிடி பட்டுச்சா?

— எனக்கு ஒண்ணுமில்ல.

— எனக்கும் இல்லீங்.

— ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீக? அப்ப எனக்கு ஒரு சந்தேகம். இப்ப யாரோ "மாப்ள"ன்னு கூப்பிட்டாகளே.

— அது... வேரப் பாத்துச் சொன்னேன்.

— வேரு உங்களுக்கு மாப்ளயா? சரி. யாரோ "மச்சான்"னாக.

— கடப்பாரையச் சொன்னேன் அம்மணி.

— கடப்பாரைக்குக் கால் சறுக்குதாக்கும்!

— சிரிக்காத புள்ள. முதல்ல வேரப் பாரு. இம்புட்டு நீளம் ஒரு பைப்புக்குள்ள கெடந்திருக்குதே! ஓடக்கரை வரைக்கும் விரிச்சுப் போடலாமாட்ட இருக்குது.

— இருங்க, செத்த நேரம் யாரும் பேசாதீக. சத்தம் கேக்குதா? பைப்புக்குள்ள... கொளக் கொளக்குன்னு.

— கேக்குதுண்ணே! தண்ணி போகுது! ஏங்க, அங்க பாருங்க, வெங்காயப் பாத்தியில நின்ன தண்ணி சுழிச்சுக்கிட்டு எறங்குது!

— மச்சான்.

— கடப்பாரையக் கூப்பிடுறாரு போல தாயி.

— மச்சான், உங்களத்தானுங். போயி உங்க பக்கத்து மடையத் தெறந்து உடுங்க. இல்லாட்டி அம்புட்டுத் தண்ணியும் ஓடைக்குப் போயிரும். எலுமிச்சைக்கு வராது.

— இருக்கட்டும் மாப்ள. முதல்ல உங்க வெங்காயம் வடியட்டும். எலுமிச்சை எங்க போகப்போகுது?

— வடியறது பாட்டுக்கு வடியுமுங். பிஞ்சு உதுருதுன்னீங்களே. போயித் தெறந்துட்டு வாங்க. நானே போலாம், உங்க தோட்டத்துல கால் வச்சா நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்களோன்னுதான்...

— என்ன சொல்லப்போறேன்? நான் என்ன சொல்லவாரேன்னா... நீங்களே போயித் தெறந்துவிடுங்க மாப்ள. மடை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? நாம ரெண்டு பேரும் கட்டுனதுதான.

— தெரியுமுங். அது மறக்குமா? இதோ ஒரே ஓட்டமாப் போயிட்டு வந்தறேன்.

— என்ன மேகலை, நீ எதுக்கு முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நிக்கிற?

— ஒண்ணுமில்லண்ணே. நான் ஒண்ணும் பேசல. நீங்க பேசுங்க.

— தெறந்தாச்சுங் மச்சான்! வாய்க்கா ரொம்பி ஓடுது. தலைமாட்டு மரத்துக்கெல்லாம் பாஞ்சிருச்சு. நல்ல காய்ப்பு புடிச்ச மரமுங்க, சும்மா சொல்லக்கூடாது.

— உங்க தண்ணிதான மாப்ள. சரி, இப்ப இந்த அத்திய என்ன செய்வோம்? வேர இழுத்துப் போட்டா மறுபடி ஒண்ணு வரும். அத இழுத்தா இன்னொண்ணு வரும். பேசாம மரத்த அறுத்துருவோமா?

— அறுத்தறலாமுங். பாதி உங்களுது, பாதி என்றது. ஆளுக்கொரு பக்கம் ரம்பத்தப் புடிச்சா முடிஞ்சுது. வேரோட கனம் எவ்வளவு இருக்குதுன்னு முதல்ல ஒரு வெட்டு வெட்டிப் பாக்கறேன்.

— வெட்டுங்க.

— மச்சான்...

— என்னங்க மாப்ள?

— அத்தி வேர வெட்டுனா பால் வரோணுமுங்களே. எலையக் கிள்ளுனாவே பால் வரும். இதுல ஒரு சொட்டுக்கூட வரல.

— காட்டுங்க. ஆமா, பால் இல்ல. இருங்க, ஒரு துண்டு கடிச்சுப் பாக்குறேன். தூ! தூ! கசப்பு! ஐயய்யோ, நாக்கே போச்சு! மேகலை, தண்ணி! மாப்ள, இது வேம்பு!

— வேம்பா? இங்க ஏதுங் வேம்பு?

— அந்தா, அத்திக்குப் பின்னால வேலியோரமா ரெண்டாள் ஒசரத்துல ஒண்ணு நிக்குதே. குருவி கொண்டாந்து போட்ட வெதை. நம்ம ரெண்டு பேரும் அத்தி அத்தின்னு மல்லுக்கட்டுனோம். இது அதுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு தண்ணி குடிச்சிருக்கு பாத்தீங்களா! நல்லவேளை, அத்தி தப்பிச்சுச்சு. ரம்பத்தக் குடுங்க, வேம்ப ஒரு நிமிசத்துல சாச்சுப்புடுறேன்.

— ஏம்புள்ள, நீ எதுக்கு ரம்பத்தத் தூக்கி முதுகுக்குப் பின்னால வைக்கறே?

— அது குருவி போட்ட வெதை இல்லீங்க.

— அப்புறம்?

— நான் வச்ச கண்ணு. வெள்ளிக்கெழமை தவறாம ஒரு கொடம் தண்ணி ஊத்தி வளத்தேன்.

— நீயா? ஏத்தா, வீட்டு வாசல்ல வைக்காம இம்புட்டு தூரத்துல, வரப்புல கொண்டாந்து வேம்ப யாராவது வைப்பாகளா?

— நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டுப் போன எடம் இதுதானண்ணே. இந்த எடத்துலயே திரும்ப ஒண்ணு சேரணும்னு வேண்டிக்கிட்டு வச்சேன்.

— அட சாமி! அம்மணி, நீ கேட்டத ஒரு மரம் வேரு உட்டு, பைப்புக்குள்ள பூந்து, எங்க ரெண்டு பேரையும் சேத்துல தள்ளி நடத்தி வச்சிருச்சே! மச்சான், இத வெட்டக்கூடாதுங்.

— வெட்டுறதாவது! அத்தியும் நிக்கட்டும், வேம்பும் நிக்கட்டும். நான் என்ன சொல்லவாரேன்னா, மரத்த விட்டுட்டு பைப்ப மாத்துவோம்.

— அதேதானுங் நானும் நெனச்சேன். இந்த ரெண்டு மரத்தையும் தாண்டற வரைக்கும் ஓட்டையில்லாத பைப்பு. இணைப்பு ஒவ்வொண்ணுக்கும் பசை தடவி இறுக்கிப்புட்டா, ஈரம் வெளிய கசியாது. ஈரம் கசியலீன்னா வேருக்கு மோப்பம் கெடைக்காது.

— அதோட, மரத்துக்கும் பைப்புக்கும் நடுவுல ஆழமா ஒரு பள்ளம் வெட்டி, கெட்டியான தார்ப்பாய செவுரு மாதிரி எறக்கி மண்ணத் தள்ளிருவோம். வேரு அதுல முட்டி அந்தப் பக்கமாத் திரும்பிரும். வருசத்துக்கு ஒரு தரம் ரெண்டு பேரும் கம்பி விட்டுப் பாப்போம்.

— திண்டுக்கல்லுல பைப்பு வாங்கியாறலாமுங். நாளைக்கே போலாம். என்ற வண்டியில வாங்க.

— போவோம் மாப்ள. போற வழியில வயித்துக்கும் ஏதாவது பாத்துக்கிருவோம். எம்புட்டு நாளாச்சு உங்ககூட ஒரு எலையில உக்காந்து! ஏ மேகலை, வேண்டுதல்னியே, எந்த சாமிக்கு?

— மாரியாத்தாளுக்குத்தான் வேம்பு. ஆனா ஒரே சாமிய நம்பி இருக்க முடியுமாண்ணே, உங்க ரெண்டு பேரு குணத்துக்கு? அதனால பழனி முருகன்கிட்டயும் ஒரு நேத்திக்கடன் சொல்லி வச்சேன்.

— நல்ல காரியம் அம்மணி. மூணு பேரும் சேந்தே போலாம். என்ன, பால்குடமா? காவடியா?

— மொட்டை.

— அதெல்லாம் வேணாம் தாயி. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மொட்டை? நுனியில கொஞ்சம் பூமுடி குடுத்தாப் போதும், முருகன் ஒத்துக்கிருவான்.

— எனக்கில்லண்ணே. யாரு பேசணும்னு வேண்டிக்கிட்டேனோ அவுகளுக்கு.

— எங்களுக்கா?

— ரெண்டு பேருக்கும். மீசையோட சேத்து.

— மீசையுமா!

— சாமி காரியம். கொறைச்சு நேந்துக்கிட்டா நல்லாருக்குமா?

— ... மச்சான்.

— சொல்லுங்க மாப்ள.

— நாம ரெண்டு பேரும் இன்னும் பேசவே ஆரம்பிக்கலீங்களே?